பொறுப்பில்லாத முயல்

மருமகள் மேல் மாமியாருக்கு இருந்த குறைகளில் தலையாயது, அவள் கால்நடை மருத்துவமனைக்கு மறுபடியும் வேலைக்குப் போக ஆரம்பித்தது. குழந்தைக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. "பெத்தவ பக்கத்துல இல்லாத பிள்ளை எப்படி உருப்படும்?" என்று மகன் காதில் ஓதிக்கொண்டே இருந்தார். மகனோ இருவருக்கும் தலையாட்டி, இருவரிடமும் நல்ல பேர் வாங்கிக்கொண்டிருந்தான். எப்படியாவது அவளை வேலையை விட வைத்துவிடுவது என்று மாமியார் கங்கணம் கட்டியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து ஒரு சினை முயல் வீட்டுக்கு வந்தது. மருத்துவமனை வாசலில் யாரோ விட்டுவிட்டுப் போனதை மருமகள் தூக்கிவந்து, துணி துவைக்கும் இடத்தில் கூண்டும், குட்டி போட அதற்குள் ஒரு பெட்டியும் வைத்தாள். அது எட்டுக் குட்டி போட்டது. மாமியாருக்கு வாயெல்லாம் பல். "பாருடா, எட்டு! இவளுக்கு ஒண்ணுக்கே மூச்சு வாங்குது." தான் பெற்றது ஆறு என்பதையும் சந்தடி சாக்கில் சொல்லிக்கொண்டார்.

ஆனால் முயல் அவர் காலை வாரிவிட்டது. கண் திறக்காத குட்டிகள் பெட்டிக்குள் கிடக்க, அம்மணி கூண்டின் மறுமூலையில் உட்கார்ந்து கீரை மென்றாள். எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"கூட்டிட்டு வந்தவ புத்தி அப்படியே இருக்கு!"

மறுநாள் மருமகள் கிளம்பிப் போனதும், மாமியார் முயலைத் தூக்கிக் குட்டிகளோடு பெட்டியில் போட்டு, மேலே ஒரு பலகையை வைத்து, பலகை மேல் கல்லையும் வைத்தார். "இப்ப எங்கடி போவ?" என்று கேட்டுவிட்டு, ஒரு குடும்பத்தைச் சீர்திருத்திய திருப்தியோடு பேரனை அணைத்துக்கொண்டு தூங்கினார்.

சாயங்காலம் பலகையை எடுத்தது மருமகள்தான். மிரண்டுபோன முயல் வெளியேறத் துடித்து மிதித்ததில் ஐந்து குட்டிகள் செத்துக் கிடந்தன.

அவள் கத்தவில்லை. மிச்சமிருந்த மூன்றையும் துணியில் பொதிந்துகொண்டே பேசினாள். "முயல் ஒரு நாளைக்கு ஒரு தடவை வந்து பால் குடுத்துட்டு உடனே தள்ளிப் போயிடும் அத்தை. கூடவே இருந்தா அது வாடைக்கு நரி வந்துடும்னு பயம். யானை ஒண்ணே ஒண்ணு போடும், காக்கக் கூட்டமே நிக்கும். இதுக்கு யாரு இருக்கா? முக்கால்வாசி போயிடும், அதான் இத்தனை போடுது."

அதோடு விட்டிருக்கலாம். ஆத்திரம் விடவில்லை.

"நீங்க ஆறு பெத்தீங்களே, எத்தனை அத்தை தங்குச்சு?"

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதே இல்லை.

"ரெண்டு," என்றார். "மத்த நாலும் போறப்ப நான் பக்கத்துலயேதான் உட்கார்ந்திருந்தேன்."