தலை பேசிய இலத்தீன்

1

இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் நான் சொன்ன ஒரு பொய். நேற்றுக் காலை என் அக்கா செனுவா பார்லிக் கஞ்சியை என் முன்னால் வைத்துவிட்டு, இருபது வருடமாகக் கேட்காத கேள்வியைக் கேட்டாள். நான் பொய் சொன்னேன். அவள் நம்பினாள்.

[தவறு. நம்பியது போல இருந்தாள்.]

பிரித்தானியத் தீவின் வடக்கே வாழும் எங்கள் பிரிகாந்திய சனத்தில் எதையும் எழுதி வைப்பது பாவம். நானோ ரோமர்களின் கோட்டையில் கடிதம் எழுதிப் பிழைக்கிறவன். அவர்கள் எழுத்தில், அவர்கள் மையில்தான் இதையும் எழுதுகிறேன்.

2

'செனுவா பேரழகி, அவளைக் கண்ட ரோமானியன்' என்று தொடங்கி அடித்துவிட்டேன். அவளுக்கு முன்பல் ஒன்று கிடையாது.

'ஒரு ரோமானியன் எங்கள் சதுப்பில் இடுப்பளவு புதைந்து நின்றான்.' இது இருக்கட்டும்.

அவன் பெயர் மானியஸ். சாலை போட நிலம் அளக்க வந்தவன். அவனுடைய படை எங்கள் அப்பாவைக் கொன்று நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. கெட்டி நிலம் எங்கே என்று அவன் கேட்டபோதெல்லாம் செனுவா வேண்டுமென்றே சேற்றைக் காட்டினாள். மூன்றாம் முறையும் அவள் காட்டிய பக்கமே போனான்.

"உனக்கு அறிவே கிடையாதா?" என்று கரையில் நின்று கேட்டாள்.

"நீ வந்து தூக்கிவிடுவேன்னுதான்." எங்கள் மொழியை அவன் கடித்துத் துப்பினான்.

"முதல்ல மூக்கு வரைக்கும் போ. அப்புறம் பாக்கலாம்."

தூக்கிவிட்டாள். [ஏன் என்று மூன்று பத்தி எழுதிப் பார்த்தேன். மூன்றும் அவளைப் பற்றியவை அல்ல, என்னைப் பற்றியவை.]

3

அந்தக் கோடை முழுக்கச் சந்தித்தார்கள். சாலை எங்கள் கருவாலி மரத் தோப்பின் நடுவே போவதாக இருந்தது. தோப்புக்குள்தான் தேவியின் ஊற்று. மானியஸ் அங்கே சேறு என்று தன் அதிகாரிகளிடம் பொய் சொல்லி, வரைபடத்தில் சாலைத் தடத்தை நகர்த்தினான். காதல் என்ற சொல்லை நான் எழுதப்போவதில்லை. ஒரு ரோமானியன் சாலையை வளைத்தான். அது போதும்.

அறுவடைக்குப் பிறகு, சாலை வேலைக்காரர்களைத் தாக்க எங்கள் ஆட்கள் முடிவு செய்தார்கள். பத்து நாள் இந்தப் பக்கம் வராதே என்று மட்டும் செனுவா அவனிடம் சொன்னாள். காரணம் சொல்லவில்லை, எங்களைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

மறுநாள் காலையே வந்தான். ஆயுதம் இல்லாமல் ஓடி வந்தான். தோப்போரம் காவல் நின்றது நான்.

இந்த இடத்தில் தம்பி என்ற பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. பயந்தானா? அப்பாவை நினைத்தானா? அல்லது, அக்கா அந்தக் கோடையில் சிரித்த சிரிப்பை அவனால்

மானியஸ் வாய் திறப்பதற்குள் என் ஈட்டி இறங்கிவிட்டது.

4

பகைவனின் தலையை ஊற்றங்கரைக் கல்லில் வைத்து நீர் தெளித்தால் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும். பக்கத்துச் சனங்களின் தலைகள் பேசி நானே கேட்டிருக்கிறேன். மானியஸின் தலையையும் வெட்டி அங்கே வைத்தார்கள்.

செனுவா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அழவில்லை. கேள்வி கேட்கும் உரிமை தனக்குத்தான் என்றாள். பூசாரி வழிவிட்டார்.

"வராதேன்னு சொன்னேனே. எதுக்கு வந்தே?"

தலை கண் திறந்தது. பேசியது, இலத்தீனில்.

செத்தவர்கள் தாய்மொழியில்தான் பேசுவார்கள் என்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது. வேற்று மொழிக்காரன் தலையை யாரும் அங்கே வைத்ததில்லை. யாரோ சிரித்தார்கள். இன்னொரு தரம் சொல் என்று செனுவா கெஞ்சினாள். கண்கள் மூடிக்கொண்டன.

அடுத்த நாள் படை வந்தது. தோப்பை எரித்தார்கள். எங்களில் நாற்பத்தொரு பேர் போனார்கள், அம்மாவும். என்னை விலங்கிட்டு இழுத்துப் போனார்கள். செனுவா எப்படித் தப்பினாள் என்று இன்றுவரை அவள் சொன்னதில்லை.

5

அந்த ஒலிகள் மட்டும் என் காதை விட்டுப் போகவில்லை. அடிமையாகக் கல் உடைத்தேன், இலத்தீன் பழகினேன். ஆறாம் வருடம் ஒரு காலையில் செருப்பு வாரைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஒலிகள் சொற்களாயின.

"நான் சாலைத் தடத்தை மாத்தினதைக் கண்டுபிடிச்சுட்டாங்க. நாளைக்குப் படை வருது. எல்லாரும் போயிடுங்க. உன் தம்பியை விட்டுட்டுப் போகாதே."

விடுதலையாகி வந்து, பன்னிரண்டு வருடமாக அக்காவோடுதான் இருக்கிறேன். கோட்டை வாசலில் சிப்பாய்களுக்கு பீர் விற்கிறாள்.

நேற்று, "அன்னிக்கு அவன் என்னடா சொன்னான்? உனக்குத்தான் அந்தப் பாஷை தெரியுமே," என்றாள்.

"உன்னைப் பாக்காம இருக்க முடியலன்னு சொன்னான்க்கா."

ஆறுதலாக இருக்கும் என்றுதான் சொன்னேன்.

"அப்ப அவனைக் கொன்னது நான்தான்," என்றாள். "கஞ்சியைக் குடி, ஆறுது."

6

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்லிவிடுகிறேன். செத்த நாற்பத்தொரு பேரும் அவள் வீட்டுக்குள் வந்து உட்காருவார்கள். முடிவு இரண்டு: சொல்லவில்லை. என் பழியை அவள் சாகும்வரை சுமப்பாள். மூன்றாவதை எழுத எனக்குத் துணிவில்லை. இத்தனை வருடம் சிப்பாய்களோடு பேசிப் பழகியவளுக்கு இலத்தீன் தெரியாமலா இருக்கும்?

நீங்களே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எதை எடுத்தாலும் ஈட்டியை மட்டும் வேறு யார் கையிலும் கொடுத்துவிடாதீர்கள்.