இடது காலுக்கு வந்த இரண்டு தலைகள்

விஜயலெட்சுமி பிறந்ததிலிருந்து ஒரு தேயிலைக் கொழுந்துகூடக் கிள்ளியதில்லை. நமுனுகுலப் பக்கத்துத் தோட்டமொன்றில் பாலர் பாடசாலை டீச்சர். பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டு அ, ஆ சொல்லிக்கொடுப்பது வேலை. ஆனால் பதுளையில் எந்த விழா என்றாலும், கூடையை மாட்டிக்கொண்டு, இல்லாத செடியில் இல்லாத கொழுந்தைக் கிள்ளி முதுகுப்பக்கம் போட்டு ஆட வேண்டியவளும் அவள்தான். சுதந்திர தினமா, கூடை. சுகாதார வாரமா, கூடை. பல் பாதுகாப்பு தினத்துக்கும் கூடைதான். கொழுந்துக்கும் பல்லுக்கும் என்ன உறவென்று விழாக்குழுவில் ஒருவரும் கேட்டதில்லை.

2003இல் ஓர் அறிவியல் விழா வைத்தார்கள். தலைப்பு 'நாளைய உலகம்'. நாளைய உலகத்திலும் தோட்டத்தாருக்குக் கூடை நடனமே ஒதுக்கப்பட்டிருந்தது. விஜயலெட்சுமி கூட்டத்தில் எழுந்து, இந்த முறை நாங்கள் ராட்சத ரோபோ கொண்டுவருகிறோம் என்று சொல்லிவிட்டாள்.

விழாக்குழுத் தலைவர் இரகுநாதன் கலாசார அதிகாரி, யாழ்ப்பாணத்துக்காரர். எந்த விஷயத்தைப் பற்றியும் பேசுவார். விஷயம் தெரிந்திருக்க வேண்டுமென்று பிடிவாதம் பிடிக்கமாட்டார். நகரத்துக் கழகம் செய்துகொண்டிருந்த ரோபோவுக்கு அவரே ஆலோசகர். பசறை வீடியோக் கடையிலிருந்து மேல்நாட்டுப் படமொன்றை வாடகைக்கு எடுத்து, முக்கால்வாசி பார்த்து, மீதிக்குத் தூங்கியிருந்தார். அந்த ஆராய்ச்சியின் பலத்தில் பேசினார்.

"தங்கச்சி, இயந்திரம் எண்டால் இயந்திரம் மாதிரி இருக்க வேணும். வெள்ளைக்காரன் செய்தால் ஆணி தெரியும், குழாய் தெரியும், எண்ணெய்க் கறை தெரியும். அது பொறியியல். யப்பான்காரன் கொம்பு வைக்கிறான், நெஞ்சில சிங்க மூஞ்சி வைக்கிறான், மஞ்சளும் சிவப்பும் பூசுறான். அது சூரன்போர் பொம்மை."

விஜயலெட்சுமிக்கு ஜப்பான் ரோபோவைப் பிடித்ததே அதற்காகத்தான். தோட்டத்துச் சனசமூக நிலைய டீவியில் ஜப்பான் ரோபோக் கார்ட்டூன் ஓடும்போது, ஐந்து வண்டிகள் தனித்தனியாக வந்து ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு ஒரே ஆளாக எழுந்து நிற்கும். பார்க்கிற பிள்ளைகளும் கூடவே எழுந்து நிற்கும். வெள்ளைக்காரனின் ரோபோ மனிதனைத் துரத்தியது. ஜப்பான்காரனுடையது அவனை நெஞ்சுக்குள் உட்காரவைத்துக்கொண்டு போனது. இதையெல்லாம் அவள் அங்கே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் ஓர் உரை கேட்க வேண்டியிருக்கும்.

இரகுநாதன் பெருந்தன்மையோடு ஒரு நிபந்தனை போட்டார். தோட்டத்து ரோபோ மேடைக்கு முன்னால் தன் இரண்டு காலில் நிற்க வேண்டும். நின்றால் இனிக் கூடை நடனம் கேட்கமாட்டார்கள். நிற்காவிட்டால் அங்கேயே, அப்போதே கூடை. கூடைகளை முன்கூட்டியே லொறியில் ஏற்றிவைக்கவும் உத்தரவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பெரட்டுக்களத்தில் விஜயலெட்சுமி வேலை பிரித்தாள். தினமும் காலையில் கங்காணிமார் ஆள் பிரித்து வேலைக்கு அனுப்பும் இடம் அது. தோட்டத்து வரிசை வீடுகளான ஐந்து லயங்களுக்கு ஐந்து பாகம்: கைகளோடு உடம்பு, வலது கால், இடது கால், தலை, வாள். எல்லோரும் தலையாட்டினார்கள். அதைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டதுதான் பிழை. பெரட்டில் வேலை சொன்னால் தலையாட்டுவது அந்தத் தோட்டத்துப் பழக்கம். செய்வது வேறு விவகாரம். மற்ற லயம் தலை செய்ய, நாம் கால் செய்வதா என்ற கேள்வி அன்று மாலையே லயத்துக்கு லயம் எழுந்தது. தார்ப் பீப்பாய்களும் தேயிலைப் பெட்டிப் பலகைகளும் இரகசியமாகக் கை மாறின. கேட்டால், அன்றைக்குப் பாருங்க டீச்சர் என்றார்கள்.

அன்றைக்குப் பார்த்தாள். பதுளை மைதானத்தில் மூடிக் கொண்டுவந்த ஐந்து படங்குகளையும் விலக்கியபோது ஓர் உடம்பு இருந்தது. ஒரு வலது கால் இருந்தது. அதைச் செய்த லயத்துப் பெரியவர் சின்னராசா பண்டாரவளை ஆஸ்பத்திரியில் படுத்திருந்ததால், கால் வேண்டாமென்று மறுத்துப் பேச ஆளில்லாமல் போயிருந்தது. மற்றபடி, மூன்று தலைகள். கொம்பு வைத்த தலை, மீசை வைத்த தலை, கண்ணில் லொறி விளக்கு வைத்த தலை. இடது கால் இல்லை. வாளும் இல்லை.

எதிர்ப்பக்கத்தில் நகரத்து ரோபோ டிராக்டர் பெட்டியில் ஏறி நின்றது. சாம்பல் நிறம், உடம்பெல்லாம் ஆணி, பத்துக் குழாய், ஒவ்வொன்றிலும் புகை. விழாவுக்கு வந்திருந்த மந்திரிக்குக் குழாய் குழாயாக இரகுநாதன் விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். தோட்டத்துச் சனம் கொஞ்ச நேரம் மரியாதையாகப் பார்த்தது. பிறகு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் லெட்சுமி அக்கா, "நம்ம பெக்டரியில தூள் காய வைக்கிற மெசினு எந்திரிச்சு வந்த மாதிரி இருக்கு" என்றாள். அதோடு அதன் கதை முடிந்தது. வருடம் முழுவதும் மெசினோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு, லீவு நாளில் இன்னொரு மெசின் என்ன அதிசயத்தைக் காட்டப்போகிறது?

ஆனால் தோட்டத்து ரோபோவுக்குக் கால் ஒன்றுதான். கூடை லொறியின் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

விஜயலெட்சுமி மூன்று தலைகளையும் சுற்றிவந்தாள். எல்லாம் தார்ப் பீப்பாயின் மேல் கட்டியவை; யானை ஏறினாலும் நசுங்காது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வைத்தால் வலது காலின் உயரம் வரும். ஜப்பான்காரன் நெஞ்சில் முகம் வைத்தால் முழங்காலிலும் வைக்கலாம். இடைஞ்சல் உயரத்தில் இல்லை, மாடசாமிக் கங்காணியிடம் இருந்தது. மீசைத் தலை அவர் லயத்துடையது.

"எங்க தலையைக் காலுக்கு வைக்கிறதா? இங்கிருந்து தூக்கிட்டே போயிருவோம்" என்றார்.

"மாமா, நல்லா யோசிங்க. உச்சியில வச்சா யாருக்குத் தெரியும்? காக்காய்க்குத் தெரியும். கீழ இருக்குற மூஞ்சிதான் புள்ளைங்க கண்ணுக்கு நேரா இருக்கும். பேப்பர்காரன் போட்டோ புடிச்சாலும், பக்கத்துல நிக்கிற மந்திரியோட விழப்போறது அந்த மூஞ்சிதான்."

மாடசாமி மந்திரியைப் பார்த்தார், மீசைத் தலையைப் பார்த்தார், தன் மீசையையும் ஒருமுறை தடவிக்கொண்டார். "அப்ப எங்களதுதான் கீழ" என்றார்.

அடுத்த நிமிடமே மற்ற இரண்டு லயமும் சண்டைக்கு வந்தன. காலுக்கு வர மூன்று தலையும் தயார், உச்சிக்குப் போகத்தான் ஆளில்லை. கடைசியில் சீட்டுக் குலுக்கியதில் லொறி விளக்குத் தலை தோற்று, அவமானத்தோடு உச்சிக்குப் போனது.

லொறியில் பாகங்களைக் கட்டிவந்த கோயில் தேர்வடத்தையே போட்டு இழுத்தார்கள். யார் முதலில் சொன்னதென்று தெரியவில்லை, அறிவியல் விழா முழுவதும் அரோகரா என்று அதிர்ந்தது. மீசைத் தலைமேல் கொம்புத் தலை, அதன்மேல் மஞ்சளும் சிவப்புமாக உடம்பு, உச்சியில் லொறி விளக்கு. ஆடியது. இன்னும் கொஞ்சம் ஆடியது. வடத்தை விட்டார்கள். நின்றது.

மைதானத்துப் பிள்ளைகள் அத்தனையும் நகரத்து ரோபோவின் புகையைக் கிழித்துக்கொண்டு ஓடிவந்து, மீசையைப் பிடித்து இழுத்தன. சிங்களப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை, மந்திரியின் பேரன் எல்லோரும் வரிசை கட்டினார்கள். மாடசாமி வரிசையை ஒழுங்குபடுத்தினார். நகரத்து ரோபோ டிராக்டர் பெட்டியில் தன்பாட்டுக்குப் புகைத்துக்கொண்டிருந்தது.

இரகுநாதன் ஒலிவாங்கியைப் பிடித்தார். மனித முகமே இயந்திரத்தின் ஆன்மா என்று தாம் நெடுங்காலமாக வலியுறுத்தி வருவதாகவும், தோட்டத்துக்கு அந்த ஆலோசனையைத் தாமே வழங்கியதாகவும் அறிவித்தார். வந்த சிரிப்பை அடக்கவே விஜயலெட்சுமிக்கு மூச்சுப் போதவில்லை. பேச்சின் வேகத்தில் அவர் கையிலிருந்த நிகழ்ச்சி நிரலின் அடுத்த வரியையும் வாசித்துவிட்டார். அடுத்து, கொழுந்துக் கூடை நடனம்.

மேடையில் பாட்டுப் போட்டார்கள். ஒருவரும் வரவில்லை. சனம் மேடையைப் பார்த்தது. மேடை விஜயலெட்சுமியைப் பார்த்தது.

அவள் ரோபோவின் இடது காலில் நீட்டிக்கொண்டிருந்த கொம்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"கூடையெல்லாம் லொறியில பத்திரமா இருக்குங்க சேர்" என்றாள். "ஆடத் தெரிஞ்ச ஆளுங்க குழுவுல இருந்தா எடுத்துக்கச் சொல்லுங்க. நாங்க உட்கார்ந்து பார்க்கிறோம்."

சொன்னபடியே அத்தனை லயமும் புல்லில் உட்கார்ந்தது. பாட்டு முடியும்வரை தாளம் தப்பாமல் கையும் தட்டியது.