மைக்கில் சொன்ன போடி

மட்டக்களப்பில் நூறு ஏக்கர் வயலை ஆண்டவர் விநாயகமூர்த்திப் போடியார். தான் இறங்கிச் சேற்றில் கால் வைத்தவரில்லை. ஆனால் வேளாண்மை பற்றி வானொலியில் அவர் பேசாத விஷயமில்லை, பத்திரிகையில் எழுதாத வாரமில்லை. சண்டை துரத்தி, ஆக்லாந்தில் பிளாக்ஹவுஸ் பேயில் மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகும் மிடுக்குக் குறையவில்லை. கோயிலில் யார் விசாரித்தாலும், "வயல் கிடக்கு. ஆக்கள் பாக்கிறாங்க. அடுத்த வெள்ளாமைக்குப் போகணும்" என்பார். மனைவி யோகராணி பக்கத்தில் பேசாமல் நிற்பார்.

தொண்ணூற்றேழில் தமிழர் சிலர் கூடி, நகரத்து வானொலி நிலையம் ஒன்றில் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் வாங்கினார்கள். அதில் பத்து நிமிடம் போடியாருக்கு. நியூசிலாந்து நாட்டுப்புறத்தைப் பற்றிப் பேச வேண்டும். மனிதருக்கு வயசு பாதியாகிவிட்டது. பஸ் பிடித்து நகரத்தின் எல்லைவரை போனார், மாடுகளைப் பார்த்தார், பண்ணைக்காரர்களை மறித்துக் கேள்வி கேட்டார். எல்லாவற்றையும் எழுதி, மேலே தன் பெயரை ஊர் வழக்கப்படி போட்டார்: விநாயகமூர்த்திப் போடி.

அறிவிப்பாளர் ரத்னா தமிழ்நாட்டுப் பெண், வங்கியில் வேலை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அண்ணனோடு சண்டை போட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட "போடி"தான். "அடுத்து உங்களோடு பேச வருகிறார் திரு. விநாயகமூர்த்தி" என்று சரளமாக வந்தவள் அந்தச் சொல்லில் இடறி நின்றாள். விடவும் பயம், வாசிக்கவும் பயம். கடைசியில் பட்டென்று, "போடி!" என்றாள்.

போன் அலறியது. "மைக்கை மூடாம யாரைப் போடின்னு விரட்டுறீங்க?" என்றார் ஒருவர். நிகழ்ச்சிப் பொறுப்பாளர் வசீகரன் யாழ்ப்பாணத்துக்காரர், பழிக்குப் பயந்தவர். "தங்கச்சி, அடுத்த கிழமை நீர் வாசிக்க வேண்டாம்" என்றார். ரத்னாவின் கண் கலங்கிவிட்டது.

போடியாருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பிள்ளை எழுதினதத்தான் வாசிச்சவ. கேட்டவங்களுக்கு விளங்காட்டி அவ என்ன செய்வா? அடுத்த கிழமை அவவே என்னட்டக் கேக்கட்டும். நான் மைக்கில சொல்றன்."

"ஓம் ஐயா, அப்பிடியே செய்வம்" என்று வசீகரன் தப்பித்துக்கொண்டார்.

மறு ஞாயிறு ரத்னா கேட்டாள். "போடின்னா என்னங்கய்யா அர்த்தம்?"

"எங்கட பக்கத்தில வயல் நிலம் நிறைய உள்ளவருக்கு ஊர் குடுக்கிற மரியாதை, பிள்ளை. ஆள் வைச்சு வெள்ளாமை செய்விக்கிறவர். எங்கட அப்பாவும் போடி, அவர்ர அப்பாவும் போடி."

"இப்போ அந்த நிலத்தையெல்லாம் யாருங்க பாத்துக்கிறாங்க?" பாவம், நல்லெண்ணத்தில்தான் கேட்டாள்.

கோயிலில் சொல்லும் பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் இது மைக். ஊர் வானொலியில் அவர் சொன்ன நாளில் விதைத்த சனம் உண்டு, அவர் சொன்ன மருந்தை நம்பி அடித்த சனம் உண்டு. வெளியே எவ்வளவோ அளந்திருக்கிறார். மைக்குக்கு முன்னால் ஒரு பொய் சொன்னதில்லை. அந்த ஒன்றில் மனிதர் சுத்தம்.

"நிலம் இல்ல பிள்ளை" என்றார். "நாங்க வெளிக்கிட்ட வருசமே போயிட்டு. பாதி காடு, பாதியில ஆமி முகாம். இனிக் கிடைக்காது. நிலம் இல்லாதவன் போடி இல்ல. நான்தான் பழக்கத்தில எழுதிட்டன். பிழை என்னில, உங்களில இல்ல."

அவர் தாளைப் பிரித்து மாடுகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார். குரல் ஓரிடத்திலும் பிசகவில்லை. வெளியே வந்த பிறகுதான் அப்பாவின் பெயரைத் தன் வாயாலேயே அழித்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. வசீகரன் காரில் கொண்டுவந்து விட்டார்.

யோகராணி குசினியில் சமைத்துக்கொண்டிருந்தார்.

"ரேடியோவில கேட்டன்" என்றார். "எனக்கு எப்பவோ தெரியும். நீங்களாச் சொல்லட்டும் எண்டு இருந்தன்." கொஞ்சம் தயங்கினார். "அப்ப இனி இங்கதானே இருப்பம்? நமக்கெண்டு ஒரு சின்ன வீடு பாப்பமா?"

"பாப்பம்" என்றார் விநாயகமூர்த்தி. அதோடு உடைந்து அழத் தொடங்கிவிட்டார்.

யோகராணி கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் தன் பங்கை எப்போதோ அழுது முடித்திருந்தார்.