தியாகியைக் கூட்டி வந்த பட்டன்

திண்டிவனத்தில் வங்கி கிளார்க்காக இருக்கும் அன்புச்செல்விக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. கோபத்துக்கு மட்டும் குறைவே கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்யாண இணையதளத்தில் காணை ஊரைச் சேர்ந்த அறிவுச்செல்வன் அனுப்பிய செய்தியை திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் அவள் லேப்டாப்பின் ஸ்கிரீன் ரீடர் உணர்ச்சியே இல்லாமல் வாசித்தது: "பார்வையில்லாத பெண்ணுக்கு வாழ்க்கை கொடுக்கும் தியாகத்துக்கு நான் தயார்."

அவள் விரல்கள் பறந்தன. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தாள்: "வாழ்க்கை என்ன கரண்ட்டா, நீ கனெக்‌ஷன் குடுக்க? உன் தியாகத்த மாதா கோயில் உண்டியல்ல போட்டுட்டு, போய் வேலைய பாரு பா."

ஸ்கிரீன் ரீடருக்கு இரண்டு புத்தி. ஒன்றில், அடிப்பதெல்லாம் எழுத்தாக விழும். மற்றதில் ஓர் எழுத்தும் விழாது. பக்கத்துக்குள் இங்கும் அங்கும் தாவத்தான் முடியும். எச் அழுத்தினால் தலைப்பு, கே அழுத்தினால் இணைப்பு, பி அழுத்தினால் பட்டன். கோபத்தில் அவள் எழுதும் புத்திக்கு மாற்ற மறந்துவிட்டாள். தாவிய இடங்களை எல்லாம் லேப்டாப் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. சமையலறையில் அம்மா லூர்துமேரி ஓட்டிய மிக்சியின் இரைச்சலில் எதுவும் காதில் விழவில்லை. கடைசி 'பா'வுக்கு 'ba' என்று அடித்த பி, 'விருப்பத்தை ஏற்கிறேன்' என்ற பட்டனில் அவளைக் கொண்டுபோய் நிறுத்தியது. பதில் போகிறதென்று நினைத்து, நிம்மதியாக என்டரைத் தட்டிவிட்டுச் சாப்பிடப் போனாள்.

தளத்தில் இருந்தது அம்மாவின் செல் நம்பர். அறிவுச்செல்வன் அதில் கூப்பிட்டு, பெண் பார்க்க வருவதாகச் சொன்னான். மகள் வெட்கப்படுவாள் என்று லூர்துமேரி அவளிடம் வாயே திறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் அறிவுச்செல்வனும் அவன் அம்மா சவுரியம்மாளும் பழத்தட்டோடு வந்து இறங்கினார்கள்.

"நான் எப்ப சம்மதிச்சேன்?" என்றாள் அன்புச்செல்வி.

"நீங்கதானங்க அக்செப்ட் பண்ணீங்க?"

அவளுக்குப் பொறி தட்டியது. "அடக் கடவுளே! எழுதிக்கினு இருக்கேன்னு நெனச்சேன். அது பக்கம் பூரா சுத்திக்கினு இருந்திருக்குது. பி அழுத்துனதுல பட்டன்ல போய் நின்னுட்டேன்."

"இது தேவ சித்தம்ங்க."

"சித்தம் இல்லீங்க, பி."

"சரி, என்னதான் எழுதுனீங்க?"

லூர்துமேரி மகளின் தொடையைக் கிள்ளினாள். அன்புச்செல்வி உண்டியல் உட்பட ஒன்று விடாமல் சொன்னாள்.

சவுரியம்மாள் குபீரென்று சிரித்தாள். சிரித்து, புரையேறி, இருமினாள். "காப்பி குடிச்ச டம்ளர கழுவி வெக்க மாட்டான், இவன் தியாகியாம்! முன்ன பாத்த பொண்ணுங்க எல்லாம் மரியாதையா வேணாம்னுதுங்க. அதான் இவன் மண்டையில ஏறவே இல்ல."

"நல்ல எண்ணத்துலதாங்க எழுதுனேன்..." என்று இழுத்தான் அறிவுச்செல்வன்.

அன்புச்செல்விக்கே கொஞ்சம் பாவமாகிவிட்டது. "என்னப் புடிச்சிருக்குதுன்னு ஒருத்தன் வந்தா யோசிப்பேன். எனக்காக கஷ்டப்படறேன்னு வந்தா பேஜாரா இருக்குதுங்க."

அறிவுச்செல்வன் உட்கார்ந்திருந்த சோபா கிறீச்சிட்டது. "அந்த தியாக வரிய எடுத்துட்டு மறுபடி அனுப்பட்டுமாங்க?"

"அனுப்புங்க. அப்பவும் வேணாம்னுதான் சொல்லுவேன். மரியாதையா சொல்லுவேன்."

கிளம்பும்போது அவன் பழத்தட்டைத் திரும்பத் தூக்கினான் போலிருக்கிறது. சவுரியம்மாள் அவன் கையில் பட்டென்று ஓர் அடி வைத்தாள். "வெச்சுட்டு வாடா. நான் இப்படி சிரிச்சு எவ்ளோ நாளாச்சு."