நடுவில் ஒரு சிப்

உதயகலா மேசையிலிருந்த மதர்போர்டை இரண்டு கையாலும் தூக்கினாள்.

"எறி உந்தப் போர்டை," என்றார் அண்ணன் சிவக்கொழுந்து, வாங்குப் பலகைகளை உள்ளே இழுத்தபடி. "மச்சானே போயிட்டார். பிறகென்ன?"

"போர்டுக்குச் சொந்தக்காரர் வந்து கேப்பார், அண்ணை."

விடியற்புறம் நெஞ்சு நோவென்று ஏற்றிய ஓட்டோ யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தியைத் தாண்டுமுன் அவள் கணவர் அருட்பிரகாசம் அடங்கிவிட்டார். உடல் இன்னும் ஆஸ்பத்திரியில். அவருடைய கணினி திருத்தும் கடையும் வீடும் ஒரே கூரைக்குள்; வருகிறவர்கள் இருக்க முன்பகுதியை ஒதுக்கவேண்டியிருந்தது.

நேற்று முழுதும் அவர் இந்தப் போர்டோடுதான் மினக்கெட்டார். பழைய போர்டுகளில் புரொசெசருக்கும் ரேமுக்கும் நடுவில் ஒரு சிப் இருக்கும். ஒன்றின் கதை மற்றதுக்கு அதன் வழியாகத்தான் போகும். சூடேறிக் கழன்றுபோவதும் அதுதான். புதிய புரொசெசர்கள் அந்த வேலையைத் தங்களுக்குள்ளேயே எடுத்துக்கொண்டுவிட்டன. "உந்தச் சிப் பாவமப்பா, ரெண்டு பக்கத்தாலையும் இடி," என்று சொல்லிச் சிரிப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கனடாவிலிருந்து மகன் மயூரதன் எடுக்கும்போது போன் அவர் கையில்தான் இருக்கும். கோயிலில் தாலி கட்டாமல் அவன் சேர்ச்சில் கிறிஸ்ரினாவுக்கு மோதிரம் போட்ட நாளிலிருந்து, ஆறு வருடமாக, உதயகலா மகனோடு கதைப்பதில்லை. "அம்மா கேக்கிறா, உங்கை ஸ்னோ கொட்டுதோ எண்டு," என்பார் அவர். அவள் கேட்டிருக்கமாட்டாள். இந்தப் பக்கம் திரும்பி, "உம்மடை சுகம் விசாரிக்கிறான்," என்பார். அதுவும் உண்மையோ என்று அவளுக்குத் தெரியாது.

சிவக்கொழுந்தின் போன் அடித்தது.

"மருமோன்... ஓம், கொஞ்சம் பொறு." அவர் போனை நெஞ்சோடு அழுத்தினார். "பிளேன் ரிக்கெற் பாக்கிறானாம். அப்பாவை மூண்டு நாள் வைச்சிருக்கேலுமோ எண்டு கேக்கிறான். அவளும் வரலாமோ எண்டும்..."

உதயகலா போர்டின் தூசியைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார்; பிறகு போனைக் காதுக்கு எடுத்தார். "தம்பி, அம்மா சொல்லுறா, நீ தனிய வா எண்டு. சனம் ஒரு மாதிரிக் கதைக்கும்..."

"நான் எப்ப அண்ணை அப்பிடிச் சொன்னனான்?"

"நீ வாயே திறக்கேல்லை. நான் பின்னை என்னத்தைச் சொல்ல?"

அவள் கையை நீட்டினாள். போன் சூடாக இருந்தது.

"அம்மா?" என்றது குரல். ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று அவன் அவசரப்பட்டான். "முழங்கால் நோ எப்பிடி? கிறிஸ்ரினா அனுப்பின மருந்து பூசுறனீங்களே?"

"எந்த மருந்து?"

"நீலக் குப்பி. ஒவ்வொரு முறையும் அப்பாட்டைத்தான் அனுப்பினவ."

அந்தக் குப்பி அவள் தலைமாட்டில் இருந்தது. டொக்டர் தந்தது என்றுதான் அவர் சொன்னார்.

"பூசுறனான்," என்றாள். சற்றுப் பொறுத்து, "ரெண்டு பேருமா வாங்கோ. அப்பாவை வைச்சிருக்கிறன்."

அதன்பிறகும் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கத்தில் எங்கோ கேத்தில் ஒன்றில் தண்ணீர் கொதித்து அடங்கியது. யாரோ கோப்பையில் கரண்டியால் மெதுவாகக் கலக்கினார்கள். உதயகலா போனைக் காதோடு வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றாள்.