அழுத்தக் கலத்தில் சந்தனம்

ஆயுதபூஜையன்று பெரம்பலூர் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் எல்லா இயந்திரங்களுக்கும் பொட்டு வைத்தார்கள். பஸ், ஜெராக்ஸ் மெஷின், கேன்டீன் கிரைண்டர் எதுவும் தப்பவில்லை. இயற்பியல் ஆய்வகத்தில் தாளாளர் தங்கசாமியே தம் கையால் வைத்தார். தண்ணீரைச் சூடாக்கியும் அழுத்தியும் அதன் ஹைட்ரஜன் பிணைப்பு என்ன ஆகிறது என்று பார்க்கும் எஃகுக் கலம் அங்கே இருந்தது. பொட்டு வைக்க வாகாக அதில் ஒரு வட்டக் கண்ணாடி. லேசர் ஒளி அது வழியாகத்தான் உள்ளே போகும்.

விடுமுறை முடிந்து சொந்த ஊரான விக்கிரமங்கலத்திலிருந்து ஆய்வு மாணவி சிவரஞ்சனி திரும்பியபோது குங்குமம் உதிர்ந்துவிட்டிருந்தது. சந்தனம் மட்டும் மெல்லிய படலமாக ஒட்டியிருந்தது. அவள் கவனிக்காமல் லேசரைப் போட்டாள். தண்ணீரில் பட்டுத் திரும்பும் ஒளியைக் காட்டும் வரைபடத்தில் புதிதாக ஒரு மேடு எழும்பியது.

வழிகாட்டி குருமூர்த்தி துள்ளினார். "உலகத்துல எவனும் பாக்காத பிணைப்பும்மா!"

"சூடு ஏத்துனாலும் அந்த மேடு அசையல, அழுத்துனாலும் அசையலயே சார்?"

"அவ்வளவு உறுதி!"

சந்தேகம் தீராமல் அவள் டார்ச் அடித்துப் பார்த்தாள். கண்ணாடியை ஸ்பிரிட்டால் துடைத்தாள். மேடு போய்விட்டது. ஓடிப்போய்ச் சொல்வதற்குள் கல்லூரி வாசலில் பேனர் ஏறிவிட்டது: 'நீரின் புதிய பிணைப்பைக் கண்ட எங்கள் குருமூர்த்தி!'

"சார், அது சந்தனம். தொடச்சா போயிடுச்சு."

"ஒன்னய யாரு தொடைக்கச் சொன்னது? கரஸ்பாண்டன்ட் வச்ச பொட்டு!"

"ஆய்வேடு கொடுக்க இந்த மாசந்தான் கடைசி. கையெழுத்துப் போடுங்க சார்."

"புதுப் பிணைப்ப ஒரு அத்தியாயமா சேத்துக் கொண்டா. போடுறேன்."

சேர்த்தால் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் கிழித்துத் தொங்கவிடுவார். சேர்க்காவிட்டால் கையெழுத்து இல்லை. இத்தனை வருட உழைப்பும் அரியலூர் பஸ்ஸில் ஊர் திரும்ப வேண்டியதுதான். சிவரஞ்சனி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சேக்கலாம் சார். ஆனா என் ஆய்வேட்டுல வந்துட்டா, கண்டுபிடிச்சது நான்னுல்ல ஆயிடும்?"

குருமூர்த்தி யோசித்தார். ஜன்னல் வழியே பேனரைப் பார்த்தார். பிறகு பேனாவைத் தேடினார்.

"அந்த அத்தியாயம் வேணாம். ஒன் ஆய்வேடு ஒன் ஆய்வேடாவே இருக்கட்டும்," என்று வேகமாகக் கையெழுத்திட்டார். "பாராட்டு விழாவுல ஒன் பேரச் சொல்லட்டுமா?"

"ஐயோ, வேணாம் சார்."

"பெரிய மனசும்மா ஒனக்கு," என்றார். நிஜமாகவே நெகிழ்ந்துபோயிருந்தார்.