இடுப்பில் கட்டிய ஈயம்

கடலிலிருந்து உடைமாற்றும் கொட்டகைக்குப் பதினெட்டுப் படிகள். ஒன்பதாவது படியிலேயே மால்சுனுக்குத் தொடை இரண்டும் கடுத்து நடுங்கின. முதுகிலிருந்த சங்கு வலையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். முப்பத்தெட்டு வருடமாக மூச்சடக்கிக் கடலில் இறங்கிச் சங்கும் அபலோன் சிப்பியும் எடுக்கிறவள். இந்தப் படியில் அவள் நடுவழியில் உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை.

அவளோடு கடலில் இறங்கும் தோக்சிம் பின்னால் ஏறி வந்து நின்றாள். அவளுக்கு மால்சுனைவிட நான்கு வயது குறைவு, வாய் மட்டும் நீளம்.

"என்னக்கா, படியிலேயே கடை போட்டுட்டே? சங்கு என்ன விலை?"

"மூச்சு வாங்குதுடி. நீ போ."

"தண்ணிக்குள்ள ஒன்றரை நிமிஷம் மூச்சைப் பிடிக்கிறவளுக்குப் படியில மூச்சு வாங்குதாம்! இன்னும் அந்தப் பட்டினிய விடலையா நீ?"

"உனக்குப் பொறாமை. பதினோரு கிலோ குறைச்சிருக்கேன்ல."

அது உண்மைதான். வசந்தகாலத்தில் நடந்த உடல் பரிசோதனையில் மால்சுனின் எடை அறுபத்தொன்பது. ரத்தத்தில் சர்க்கரை, நோயின் எல்லையில் நின்றது. எடையைக் குறைக்கச் சொன்னார்கள். எப்படி என்று கேட்காமல் வீட்டுக்கு வந்து கைப்பேசியில் தேடினாள். ஒரு காணொளியில் புஜம் பெருத்த ஒருவன், நாளுக்கு இருபது மணி நேரம் வயிற்றைக் காயப்போடச் சொன்னான். மால்சுனுக்குச் சிரிப்பு வந்தது. இது ஒரு பெரிய விஷயமா? வயிற்றில் சோறு இருந்தால் தலைகீழாக இறங்கும்போது வாய்க்கு வந்துவிடும் என்பதால், கொரியாவின் ஜெஜு தீவில் இப்படி மூழ்கிப் பிழைக்கும் கடற்பெண்கள் எல்லோருமே வெறும் வயிற்றில்தான் கடலில் இறங்குவார்கள். கரையேறியதும் கொட்டகையில் நெருப்பு மூட்டிச் சேர்ந்து சாப்பிடுவார்கள். மால்சுன் அந்தச் சாப்பாட்டையும் விட்டாள். மாலை நான்கு மணிக்கு ஒரே வேளை. அதிலும் பார்லி சோறு, முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாய், அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு. சங்கு, சிப்பி, ஆக்டோபஸ் எல்லாம் நேராகக் கூட்டுறவுச் சங்கத்தின் தராசுக்குப் போகும். விற்கிற சரக்கை வாயில் போடுவது அவள் அம்மா காலத்திலிருந்தே அந்த வீட்டில் வழக்கமில்லை.

உடம்பு வற்றியது. அளவெடுத்துத் தைத்த ரப்பர் உடை தொளதொளத்து, முதுகுப் பக்கம் குளிர்ந்த தண்ணீர் புகுந்தது. இடுப்பில் கட்டும் ஈயப் பட்டை நழுவியது. கொழுப்பு மிதக்கும். அந்த மிதப்பை அடக்கத்தான் ஒவ்வொருத்தியும் தன் உடம்புக்கேற்ற ஈயக் கட்டிகளைக் கோத்துக் கட்டிக்கொள்வது. மால்சுனுக்கு ஏழு கட்டி. கொழுப்பு போனபின்னும் அவள் பட்டையை இரண்டு துளை இறுக்கினாளே ஒழிய, ஒரு கட்டியைக்கூடக் கழற்றவில்லை.

"இப்பல்லாம் இறங்குறது வழுக்கிட்டுப் போகுதுடி" என்று பெருமைப்பட்டாள்.

"ஏறுறது?"

"ஏறுறதுக்குக் காலு இருக்கே."

அந்தக் கால்தான் அக்டோபரில் ஒருநாள் அவளைக் கைவிட்டது. ஒன்பது மீட்டர் ஆழத்தில் பாறை இடுக்கிலிருந்து ஒரு சிப்பியை நெம்பி எடுத்துவிட்டு மேலே பார்த்து உதைத்தாள். தொடை அசைந்தது, உடம்பு எழும்பவில்லை. இன்னொரு முறை உதைத்தாள். சிப்பியைக் கைவிட்டாள். பட்டையின் கொக்கியைத் தேடிய விரல்களில் பிடி இல்லை.

மேலே வருகிற ஒவ்வொருத்தியும் அடக்கிய மூச்சைச் சீட்டியடிப்பது போல வெளியே விடுவாள். பக்கத்தில் வேலை செய்கிறவள் காதால் அதை எண்ணிக்கொண்டே இருப்பாள். தோக்சிமுக்கு மால்சுனின் சீட்டி கேட்கவில்லை. சங்கு வலை தொங்கும் அவளுடைய ஆரஞ்சு நிற மிதவை மட்டும் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. தன் மிதவைக்கு நங்கூரக் கல் போடக்கூட நிற்காமல் தோக்சிம் பாய்ந்தாள். கீழே போய்ப் பட்டையை அவிழ்த்துவிட்டு, தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். கரை சேர்ந்து திரும்பிப் பார்த்தபோது தோக்சிமின் மிதவையையும் அதில் தொங்கிய வலையையும் நீரோட்டம் கொண்டுபோயிருந்தது.

மருத்துவமனையில் இளம் மருத்துவர் மால்சுனின் கையில் பிடியின் பலத்தை அளக்கும் ஒரு கருவியைக் கொடுத்து அழுத்தச் சொன்னாள். எண்ணைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"வசந்தகாலத்துல இருபத்தெட்டு கிலோ அழுத்தியிருக்கீங்க. இப்போ பதினேழு."

"சர்க்கரை?"

"அது இறங்கியிருக்கும்மா. இல்லேன்னு சொல்லல. ஆனா போன பதினோரு கிலோல கொழுப்பு மட்டும் போகல, சதையும் சேர்ந்து போயிருக்கு. ஒரே வேளை சாப்பாடு. அதுல மீன் இல்ல, முட்டை இல்ல, டோஃபு இல்ல. புரதத்துக்கு உடம்பு எங்க போகும்? உங்க தொடையிலதான் கை வைக்கும்."

"நாங்க காலங்காலமா வெறும் வயித்துல கடல்ல இறங்குறவங்க டாக்டர்."

"இறங்குங்க. ஏறினதும் சாப்பிடுங்க. மூணு வேளையும் தட்டுல மீனோ முட்டையோ ஏதாவது ஒண்ணு இருக்கணும். ராத்திரி பூரா வயிறு ஓய்வா இருக்கட்டும், அது போதும். சர்க்கரைய நான் பாத்துக்கறேன்."

"கடலையே அள்ளி விக்கிறா டாக்டர், வீட்டுல உக்காந்து முள்ளங்கியக் கடிக்கிறா" என்றாள் துணைக்கு வந்திருந்த தோக்சிம். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று மாலை தோக்சிம் கொண்டுவந்த ஆக்டோபஸை மால்சுன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கை பழக்கதோஷத்தில் விற்பனைக் கூடையை எடுத்தது. பிறகு கூடையை வைத்துவிட்டு உலையை ஏற்றினாள். இரண்டு முட்டையையும் கூடப் போட்டாள். முப்பத்தெட்டு வருடம் பிடித்ததன் ருசி அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

மூன்று மாதம் கடலுக்குப் போகவில்லை. தினமும் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து தொடையைத் தேற்றினாள். ஜனவரியில் கருவி இருபத்துமூன்று காட்டியது. எடை அறுபத்திரண்டு. சர்க்கரை ஏறவில்லை. மருத்துவர் தலையசைத்த பிறகு, புது அளவில் தைத்த உடையும் ஐந்து ஈயக் கட்டியுமாக இறங்கினாள். மேலே வந்து அவள் விட்ட சீட்டிக்கு, பக்கத்து மிதவையிலிருந்து தோக்சிம் கெட்ட வார்த்தையில் பதில் சொன்னாள்.

கொட்டகையில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தபோது, தராசுக்குப் போகுமுன் ஆளுக்கு நான்கு சங்கு எடுத்துச் சுட்டார்கள். இப்போது அங்கே அது வழக்கமாகிவிட்டது. மெலிவதற்காகச் சாப்பாட்டைத் தள்ளி வைத்த இன்னொருத்தியின் கையில் மால்சுன் ஒரு சங்கைத் திணித்தாள்.

"தின்னுடி. வயித்துக்கு ஓய்வு குடு, வேணாம்னு சொல்லல. ஆனா சாப்பிடுற வேளையில சதைக்கு வேண்டியதப் போடு. போடலேன்னா உடம்பு தன்னையே தின்னும். தராசுல முள்ளு இறங்குறதப் பாத்து நான் ஏமாந்தேன். எடை குறைஞ்சா போதாது, எது குறையுதுன்னு பாக்கணும்."

"பிரசங்கம் நல்லாத்தான் இருக்கு. என் வலையோட போன சங்கு எங்க?" என்றாள் தோக்சிம்.

மால்சுன் அன்றைக்குப் பிடித்த மூன்று கிலோவையும் அவள் பக்கம் நகர்த்தினாள். அக்டோபரில் கடலோடு போனது பதினாறு கிலோ. இன்னும் பதின்மூன்று கிலோ சங்கு பாக்கி.